படத்தில் மலை ஏன் மண்மேடாகிவிடுகிறது? பிரம்மாண்டத்தைக் கெடுக்கும் தவறுகள்

நேரில் அண்ணாந்து பார்த்து வாயடைத்து நின்ற செங்குத்துப் பாறை, வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் ஏதோ மண்மேடு போலத் தெரியும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. கையளவு கல்லில் ஓடும் வெடிப்பும் நூறு மீட்டர் பாறையில் ஓடும் வெடிப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் நிலவியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலை வைத்து எடுக்கிறார்கள். அளவு தெரிந்த பொருள் எதுவும் இல்லாமல் எடுப்பது முதல் தவறு.

சரி, ஓர் ஆளை நிறுத்தினால் போதுமா? போதாது. நான் பார்த்தவரை, ஆள் இல்லாததைவிட, ஆளைத் தப்பான இடத்தில் நிறுத்துவதுதான் அதிகப் படங்களைக் கெடுக்கிறது.

100 மீட்டர் உயரப் பாறை, அதிலிருந்து 200 மீட்டர் தள்ளி நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.7 மீட்டர் உயரமுள்ள நண்பரை உங்களுக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்தி எடுத்தால், படத்தில் பாறை அவரைவிட மூன்று மடங்குதான் உயரமாக இருக்கும். அதே நண்பர் நடந்துபோய்ப் பாறைக்கு 10 மீட்டர் முன்னால் நிற்கட்டும். இப்போது 55 மடங்குக்கு மேல்! நீங்கள் நகரவில்லை, லென்ஸை மாற்றவில்லை. நண்பர் மட்டும்தான் நடந்தார். ஒப்பிடும் பொருள், ஒப்பிடப்படும் பொருளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி முன்னால் நிற்கும் முகம் அழகான நினைவுதான், ஆனால் மலையின் உயரத்தை அது விழுங்கிவிடும்.

அவ்வளவு தூரம் போன ஆள் கண்ணுக்குத் தெரிவாரா என்பது நியாயமான கவலை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (36 x 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டு நெட்டுவாக்கில் எடுத்தால், 6000 பிக்சல் உயரப் படத்தில் அவர் வெறும் 36 பிக்சல். கறுப்புச் சட்டை போட்டுக் கறுப்புப் பாறை முன்னால் நின்றால் ஆளே காணாமல் போவார். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பளிச்சென்ற உடை வேண்டும். அல்லது பின்னால் கொஞ்சம் வானமோ தண்ணீரோ வெயில் விழுந்த மணலோ இருக்க வேண்டும். விறைப்பாக நிற்பவரைவிட நடப்பவரைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கால் இரண்டும் பிரிந்து தெரிந்தாலே போதும், மனிதர் என்று புரிந்துவிடும்.

பெரிய காட்சி என்றால் அகலமான பரப்பை எடுக்கும் வைடு ஆங்கிள் லென்ஸ்தான் என்ற பழக்கத்தையும் கொஞ்சம் சந்தேகிக்கலாம். அதே இடத்தில் நின்று 70 மி.மீ. லென்ஸ் போட்டால், பாறை படத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பும். நண்பரும் 100 பிக்சலுக்கு வளர்ந்துவிடுவார். இருவருக்குமான விகிதம் மாறாது, ஏனென்றால் அதை முடிவு செய்வது நாம் நிற்கும் இடம். லென்ஸ் எவ்வளவு பரப்பை எடுத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் மாறும். ராட்சத நிலாவின் முன்னால் ஆள் நிற்கும் படங்களின் சூட்சுமமும் இதுதான். கேமராவிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி நிற்பவர் நிலாவின் உயரமே தெரிவார். நாம் இன்னும் பின்னால் போனால் நிலா அவரை மிஞ்சும்.

அப்புறம், எடிட்டிங். தூரத்து மலைகள் நீலம் பூசி மங்கலாகத் தெரிவதைக் குறை என்று நினைத்து மங்கலை நீக்கும் ‘டீஹேஸ்’ ஸ்லைடரை இழுத்துவிடுகிறார்கள். அந்த மங்கல்தான் ‘இது தொலைவில் இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்கிறது. காற்றே இல்லாத நிலவில் இந்த உதவி கிடையாது. மரமோ வீடோ போன்ற தெரிந்த பொருளும் கிடையாது. 1971இல் அப்பல்லோ 14 வீரர்கள் ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் 300 மீட்டருக்கு மேல் அகலமான கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். தூரம் பிடிபடாமல், விளிம்பைக் காணாமலே திரும்பினார்கள். அதிலிருந்து 30 மீட்டர் அளவில்தான் இருந்தார்கள் என்பது பின்னாளில் நிலவைச் சுற்றும் விண்கலம் எடுத்த படங்களில் தெரிந்தது. நேரில் நின்ற கண்களே தடுமாறும்போது, படம் பார்ப்பவரிடமிருந்து அந்த மங்கலைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முன்னும் பின்னும் மங்க, நடுவில் மட்டும் ஃபோகஸ் இருந்தால் பெரிய கட்டடம்கூடப் பொம்மையாகத் தெரியும். மிக நெருக்கத்தில் எடுத்த சின்னப் பொருட்களை அப்படிப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். முன்னும் பின்னும் தெளிவாக விழ, லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப் 8, எஃப் 11 பக்கம் சுருக்குங்கள். சின்னப் பொருளின் அளவைக் காட்ட, பக்கத்தில் வைக்க நாணயத்தைவிட விரல்நுனி நல்லது. நாணயத்தின் அளவு நாட்டுக்கு நாடு மாறும்.

பகிர்வதற்கு முன் படத்தை ஃபோன் திரையில், பெரிதாக்காமல் ஒருமுறை பாருங்கள். ஆள் தெரியவில்லையென்றால் பக்கவாட்டில் வெட்டுங்கள், மேலேயும் கொஞ்சம் வெட்டலாம். பாறையின் உச்சி ஃப்ரேமைத் தாண்டிப் போனால் அது இன்னும் உயரமாகக்கூடத் தோன்றும். ஆள் நிற்கும் அடிவாரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.