மணலில் முதல் பயணம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலிருந்து ஹத்தா செல்லும் வழியில் அல் பதாயர் என்ற செந்நிற மணற்குன்றுப் பகுதி இருக்கிறது. அங்குள்ள பெரிய குன்று ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். குளிர்கால வார இறுதிகளில் புதியவர்களை அழைத்துக்கொண்டு ஏழெட்டு வண்டிகளாக அந்தப் பக்கம் போவோம். பெரிய குன்றில் முதல் நாள் யாரையும் ஏற விடுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவும் ஓரத்துச் சிறு மேடுகளிலேயே கிடைக்கிறது.

முதல் தவறு தார்ச்சாலை முடியும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. டயரில் காற்றைக் குறைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. சாலைக்கு 35 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அளவு) வைத்திருப்பவர், “25 போதாதா?” என்று கேட்பார். போதாது. நான்கு டயரிலும் 15 அளவுக்கு இறக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் படிந்து வண்டியின் எடையைப் பரப்பித் தாங்குகிறது. ஒட்டகத்தின் பாதம் செய்வதும் அதையேதான். அதற்காக 10-க்கும் கீழே இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

அடுத்த தவறைப் பற்றி ஒவ்வொரு பயணத்திலும் எச்சரிக்கிறேன். ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது செய்துவிடுகிறார். ஒரு ஜனவரியில் எங்களுடன் வந்த தம்பியின் வண்டி, இடுப்பளவு மேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. “இன்னும் கொஞ்சம் மிதித்தால் வந்துவிடும், அண்ணா” என்றார் ரேடியோவில். சக்கரங்கள் சுற்றச் சுற்றப் பின்னால் மணல் விசிறியாக எழுந்தது. பத்தே நொடியில் டயர்கள் பாதி மறைந்து, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் தோண்டினோம். மண்வெட்டி எட்டாத இடத்தில் படுத்துக்கொண்டு கையால் வாரினோம். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, ஒரு சாண் ஆழத்தில் மணல் சில்லென்று இருந்தது.

வண்டி திணறிய நொடியிலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வந்த தடத்திலேயே மெல்லப் பின்னோக்கி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஒரு முறை முயன்றும் வராவிட்டால் அப்படியே நிறுத்திவிட்டு ரேடியோவில் கூப்பிடுங்கள். உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம். கூட்டமாகப் போவதே அதற்காகத்தான்.

நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். பிரேக்கை அழுத்தினால் டயருக்கு முன்னால் மணல் அணை கட்டிவிடும். இறக்கத்தைப் பார்த்தபடி வண்டியைத் தானாக ஓய விடுங்கள்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் குறுக்கே திருப்பவே கூடாது, வண்டி உருண்டுவிடும். நேராகப் பின்னோக்கி இறங்குங்கள். முன் வண்டியை ஒட்டியபடி மேடேறுவதும் தவறு. அது உச்சிக்கு அப்பால் நின்றுபோயிருந்தால் உங்களுக்குத் தெரியாது. “வரலாம்” என்று ரேடியோவில் சொல்லும்வரை கீழேயே காத்திருங்கள். நடுப்பகலில் நிழலே விழாததால் எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. நாங்கள் காலையிலேயே தொடங்கிவிடுவதற்கு அதுவே காரணம்.

உயிரைப் பறிக்கக்கூடிய தவறு, சிக்கிய வண்டியை இழுக்கும்போது நடக்கிறது. டிரெய்லர் இழுப்பதற்காகப் பின்பக்கம் இருக்கும் இரும்பு உருண்டையில் கயிற்றை மாட்டாதீர்கள். மணலில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும் வேகத்தை அது தாங்காது. முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பாயும். வண்டியின் சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். கைப்பேசியில் படமெடுக்கக் குழந்தையோடு நெருங்கி வந்த தந்தையைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்திருக்கிறேன்.

மழை வந்தால் மலைப்பக்க வாடிகளுக்குள், அதாவது வறண்ட ஆற்றுப் படுகைகளுக்குள், இறங்க வேண்டாம். வெள்ளம் ஓடும் வாடிக்குள் வண்டியை விட்டால் 2,000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளிகள், 60 நாள் வண்டி பறிமுதல் என்று 2023-இல் விதித்திருக்கிறார்கள்.

திரும்பும்போது களைப்பில் பலரும் அப்படியே சாலையேறிவிடப் பார்ப்பார்கள். 15 பி.எஸ்.ஐ. டயரோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடித்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு: கடைசி வண்டியின் நான்காவது டயரில் காற்று நிரம்பும்வரை யாரும் கிளம்புவதில்லை.