மூடிய கிணறும் மறந்த குழியும்: நிலம் உள்வாங்குவதில் நாம் செய்யும் தவறுகள்

பாலக்கோடு பக்கம் என் பெரியப்பா வாங்கிய மனையின் மூலப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகம் பாத்தியம்." பத்திரத்தைப் பார்த்த எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம். மனையில்தான் கிணறே இல்லையே! செம்மண் நிரவி, எல்லைக்கல் நட்டு, தார்ச்சாலையும் போட்டிருந்தார்கள்.

வீடு கட்டிக் குடியேறிய ஆறாம் வருடம், ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் விடியலில், பின்கட்டில் துணி துவைக்கும் கல்லைக் காணோம். அது கிடந்த இடத்தில் ஒரு முறம் அகலத்துக்கு ஓட்டை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓர் அறை அளவுக்கு இருட்டு. அடுப்படிச் சுவருக்கும் அதற்கும் நாலடி. பெரியம்மா தினமும் ஐந்து மணிக்கெல்லாம் அந்தக் கல்லருகேதான் நிற்பார். அன்று காய்ச்சலால் எழுந்திருக்கவில்லை.

இந்த மாதிரி நடந்ததும் நாம் செய்யும் முதல் தவறு, காரணத்தைத் தப்பாகப் பிடிப்பது. "ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் போட்டு பூமிக்கடியே வெற்றிடமாகிவிட்டது" என்பார்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள நாடுகளில் நிலம் அப்படிக் குழிவது உண்மை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மழைநீர் அந்தப் பாறையைக் காலம் காலமாகக் கரைத்துக் குகையாக்கி, ஒருநாள் கூரை உள்ளே விழுகிறது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலம் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் என்று கெட்டிப் பாறை. சர்க்கரை போலத் தண்ணீரில் கரையாது. ஆழ்துளையில் நாம் எடுக்கும் தண்ணீரும் பாறையின் விரிசல்களில் ஓடுவதுதான். அதை இறைத்துவிட்டால் கீழே குகை உண்டாகிவிடாது. நீர்மட்டம் விழுவது பெரிய கவலை, ஆனால் அது வேறு கவலை.

இங்கே தரைக்கடியில் வெற்றிடம் இருந்தால் அது பெரும்பாலும் மனிதக் கை செய்தது. தோண்டினோம், மூடினோம், மறந்தோம். அதனால் பயத்தைப் பாறைமேல் போடாமல், நம் வீட்டு நிலத்தின் பழைய கதையைத் தேடவேண்டும்.

அந்தக் கதையில் முதலில் வருவது கிணறு. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் வெட்டிய நாற்பது, ஐம்பது அடிக் கிணறுகள் நம் ஊர்களில் ஏராளம். போர் வந்ததும் வறண்டன. நிலம் மனையானதும் தூர்ந்தன. எப்படித் தூர்த்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய தென்னையின் அடிக்கட்டை, இடித்த வீட்டு மண், பிளாஸ்டிக் குப்பை, கரும்புச்சோகை, எது கிடைத்ததோ அது. மேலே மூன்று டிப்பர் செம்மண் கொட்டி ஜேசிபியை நாலு தரம் ஓட்டினால் பார்வைக்குச் சமதரை. உள்ளே கட்டை மக்கும், குப்பை அமுங்கும். நாற்பதடி நிரப்பியது பத்தில் ஒரு பங்கு படிந்தாலே நாலடி வெற்றிடம். மேல்மண் உடனே விழாது. வளைவு கட்டினது போலத் தாங்கி நிற்கும். "பத்து வருஷமாய் ஒன்றும் ஆகவில்லையே" என்று நாம் நம்புவது இந்த வளைவை. ஒவ்வொரு மழையிலும் அதன் அடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே வரும்.

கிணற்றை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் முறை இருக்கிறது. தண்ணீரை இறைத்து, சேறும் குப்பையும் எடுத்துவிட வேண்டும். அடியில் பெரிய கருங்கல், அதன் இடுக்கு அடையச் சின்னக் கல், அதற்குமேல் ஜல்லி, பிறகு மொரம்பு என்கிற சரளை மண். மேலே இருக்கும் மண் கீழே நழுவ இடம் கிடைக்கக்கூடாது, அதற்காகத்தான் இந்த வரிசை. மொரம்பை ஓரடிக்கு மேல் ஒரே தரத்தில் கொட்டாமல், தண்ணீர் தெளித்து இடித்து இடித்து ஏற்றவேண்டும். கடைசியில் களிமண் போட்டு, மழைத்தண்ணீர் நிற்காதபடி கொஞ்சம் மேடாக விடவேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். இவ்வளவு செய்த பிறகும் அதன்மேல் சுவரோ தூணோ வேண்டாம், செடி வையுங்கள். கிணற்றுவாயில் பலகைக்கல் போட்டு மேலே மண் தள்ளி மறைப்பது எல்லாவற்றையும்விட மோசம். பழைய செப்டிக் டேங்கையும் அப்படித்தான் மறைக்கிறோம். கல் உடையும் நாளில் அங்கே ஒன்று இருந்தது தெரிந்த ஆள் ஊரில் இருக்கமாட்டார்.

கைவிட்ட போரில் நடக்கும் தவறு இன்னொரு வகை. துளையின் மேற்பகுதியில், மண் சரியாமல் இருக்கப் பாறை வரைக்கும் கேசிங் பைப் இறக்குவார்கள். தண்ணீர் வரவில்லை என்றதும் அந்தப் பைப்பை உருவி விற்றுவிடுகிறோம். அப்புறம் மேல்மண் உதிர்ந்து, ஆறரை அங்குல வாய் அகலத் தொடங்கும். சாக்கை அடைத்து மேலே ஒரு கல்லை வைப்பது மூடியது ஆகாது. அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், துளையிட்டபோது வந்த தூள் ஆகியவற்றால் நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை நாம் இழந்தது கைவிட்ட போரில்தான். நாலு நாள் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கக் காடு கழனிகளில் சாக்கு அடைத்த போர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

குழி தானாக வாய் திறக்காது, தண்ணீர்தான் திறக்கும். 2010இல் குவாத்தமாலா நகரில் சுமார் 20 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமுமாக நிலம் உள்ளே போனது. அங்கே அடியில் இருந்தது எரிமலைச் சாம்பல் மண். புயல் மழையோடு கழிவுநீர்க் குழாய்க் கசிவும் சேர்ந்து அதை அரித்தது என்றார்கள். நம்மூரில் அந்த ஆழம் வராது, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றே. கசியும் குழாய், பக்கத்தில் மண் போய்ச் சேர ஒரு வெற்றிடம், இரண்டும் இருந்தால் போதும். மாடித் தண்ணீரைச் சுவரடியில் விடுவதும், கடைக்காலை ஒட்டி உறிஞ்சுகுழி போடுவதும், தெருக்குழாய்க் கசிவை மாதக்கணக்கில் தாண்டிப் போவதும் இதனால்தான் ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படி ஒரு நாள் வந்தால் மண்ணின் எந்தப் பலவீனமும் ஒளிந்திருக்க முடியாது.

முன்னறிகுறிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். முற்றத்தில் பிறை வடிவ விரிசல், மழைத்தண்ணீர் வடிகால் இல்லாத இடத்தில் சுழித்து மறைவது, திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, ஒரு பக்கம் சாயும் வேலிக்கல், குழாயில் செம்மண் கலங்கி வருவது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் சிமெண்ட் பூசி மறைக்காமல் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஓட்டை விழுந்த பிறகு செய்யும் தவறுகள்தான் உயிரை வாங்கும். அன்று காலை எங்கள் பின்கட்டில் இருபது பேர் விளிம்பில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் தரைக்கடியில் ராகி கொட்டி வைக்கும் தானியக் குழி எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வாய் ஓர் ஆள் நுழையும் அளவு, வயிறு குதிர் போல. உள்வாங்கிய நிலமும் அப்படித்தான். விளிம்பில் நிற்பவர் தன் காலடியில் மண் இருப்பதாக நினைப்பார், இருப்பது ஒரு சாண் தட்டு மட்டும். ஓட்டையின் அகலத்தை வைத்து எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று கணக்கிடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் வால்வை அடைத்து, வெளியே போகும் வழியில் மெயின் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்து, 112க்கோ மாவட்டப் பேரிடர் எண்ணான 1077க்கோ அழையுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். தானியக் குழியைத் திறந்தால்கூடக் காற்றாட விட்ட பிறகே அக்காலத்தில் இறங்கினார்கள். மூடிய கிணற்றில் குப்பை மக்கிய விஷக்காற்று நிற்கும். அங்கே இறங்குவது சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையின் வேலை.

அன்றைக்கே இரண்டு லோடு மண் கொட்டி மூடுவதும் தவறு. போன மண் எங்கே போனது என்று தெரியாமல் மேலே கொட்டினால், அடுத்த மழையில் அதுவும் அதே வழியில் போகும். தெருவில் விழும் பள்ளங்கள் மறு வருடமும் அதே இடத்தில் விழுவது இதனால்தான்.

மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மூலப் பத்திரத்தில் கிணறு, பாத்தியம், வாய்க்கால் என்ற சொற்கள் வருகின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சர்வே எண்ணுக்கு உரிய எஃப்எம்பி எனும் புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து வரைந்த அரசாங்கப் படத்தில், கிணறு குறித்திருக்கலாம். உட்பிரிவுக்கு முந்தைய பழைய படத்தையும் தேடுங்கள். அப்புறம் அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவரையோ மாடு மேய்த்தவரையோ கண்டுபிடித்துக் கேளுங்கள். எங்களுக்குக் கிணற்றின் நாலு மூலையையும் காட்டியது மேலத்தெருவில் இருந்த எண்பது வயதுப் பாட்டிதான். "அந்தப் புங்கமரத்துக்குக் கிழக்காலதான்யா தண்ணி சேந்துவோம், வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

தூரத்திலிருந்து ஜேசிபி வைத்துத் தோண்டினோம். தென்னங்கட்டையும் உரச்சாக்கும் வந்துகொண்டே இருந்தன. கருங்கல்லில் தொடங்கி நிரப்பி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அடுப்படியை இடித்து வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றினோம். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து கிணற்றின் நடுவுக்கு எத்தனை அடி என்று அளந்து, ஒரு வரைபடமாகப் போட்டு, பெரியப்பா அதைப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்.