மொரிஸ் மைனர் எஞ்சின் அறை: கழற்றிய வயர்களை மீண்டும் இணைக்கும் முறை

வர்ணம் பூசி முடிந்து, எஞ்சினையும் இறக்கிப் பூட்டிய பிறகு, எஞ்சின் அறையையும் பயணிகள் பக்கத்தையும் பிரிக்கும் தடுப்புச் சுவரின் துளை வழியே ஒரு கற்றை வயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த வயர் எந்த இடம் வரை எட்டுகிறதோ அங்கே அதைப் பூட்டிவிடலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். வேலை பிழைப்பது பெரும்பாலும் அங்கேதான். கழற்றும்போது எடுத்த புகைப்படங்களும் முழுமையாக நம்பத்தக்கவையல்ல, ஏனெனில் அவை உங்களுக்கு முன் அந்த வண்டியில் கைவைத்தவர் செய்த பிழையையும் சேர்த்தே காட்டுகின்றன. வயரின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குப் படம் துணைச் சாட்சி மட்டுமே. 1956இல் அறிமுகமான மொரிஸ் மைனர் 1000ஐ, அதாவது எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் டைனமோவும், பிரித்தானிய நிறுவனமான லூகாஸின் மின்பாகங்களும் பொருத்தப்பட்ட வண்டியை, மனத்தில் வைத்தே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

முதலில் கற்றையையே சோதிக்க வேண்டும். வயரை விரலில் வளைத்துப் பார்க்கையில் மேலுறை வெடித்தால் அதற்குத் துணி நாடா சுற்றிப் பயனில்லை. அசல் நிறங்களிலேயே செய்யப்பட்ட புதிய கற்றையை வாங்குவதே மலிவானது. உறை நன்றாக இருந்து முனைகள் மட்டும் கறுத்திருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிப் புதிய முனைகளைப் பொருத்தலாம். வயர் தடுப்புச் சுவரைக் கடக்கும் துளையில் இறப்பர் வளையம் இல்லாமல் எதையும் இணைக்கத் தொடங்காதீர்கள்.

அடுத்தது, பலரை ஏமாற்றும் செய்தி. இந்த வண்டிகளில் வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்படுவது பற்றரியின் நேர்முனை. மறைமுனையே உயிருள்ள, அதாவது வயர்களுக்கு மின்சாரம் தரும், பக்கம். இடையில் யாராவது இதை மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே எந்த முனை உடலுக்குப் போகிறது என்பதை முதலிலேயே தீர்மானித்து, ஒரு அட்டையில் எழுதி பற்றரித் தட்டின் அருகே ஒட்டிவிடுங்கள். டிரான்சிஸ்டர் உள்ள வானொலியோ இலத்திரனியல் பற்றவைப்போ முனை மாறினால் ஒரு நொடியும் தாங்காது.

லூகாஸ் நிறமுறை ஒரு சிறிய இலக்கணம் போன்றது. முதன்மை நிறம் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அதன்மேல் ஓடும் மெல்லிய கோடு அது எங்கே போகிறது என்பதையும் சொல்லும். கபிலம் (பழுப்பு) என்றால் பற்றரியிலிருந்து பியூஸ் இன்றி நேராக வருவது, எப்போதும் உயிருள்ளது. வெள்ளை, சாவியைத் திருப்பியதும் உயிர்பெறுவது. அதே மின்சாரம் பியூஸைக் கடந்தபின் பச்சையாகிறது. ஊதா, சாவியோடு தொடர்பின்றிப் பியூஸ் வழியே வருவது. நீலம் தலைவிளக்குக்கும் சிவப்பு பக்க விளக்குகளுக்கும் உரியவை. கறுப்பு ஏர்த், அதாவது வண்டியின் உடலோடு இணைவது. கோடுகளைச் சேர்த்துப் படித்தால், நீலத்தில் வெள்ளை தூர ஒளி, நீலத்தில் சிவப்பு தாழ்ந்த ஒளி, பச்சையில் சிவப்பு இடப்பக்கச் சைகை விளக்கு, பச்சையில் வெள்ளை வலப்பக்கம், வெள்ளையில் கபிலம் எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு என்று எல்லாம் தெளிவாகிவிடும். 1961 வரையான வண்டிகளில் சைகை விளக்குக்குப் பதிலாகக் கதவுத் தூணிலிருந்து எழும் சிறு கை இருந்ததால், அவற்றில் முன்பக்கச் சைகை வயர்களைத் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த வண்டிகளைப் போல, கிடைத்த வயரைக் கிடைத்த இடத்தில் முடிந்து காப்பாற்றப்பட்ட வண்டியானால், நிறத்தையும் நம்பாமல் ஒவ்வொரு வயரின் இரு முனைகளையும் மல்ரிமீற்றரால் தொட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

இணைப்பை ஏர்த்திலிருந்து தொடங்குங்கள். புது வர்ணம் அழகானது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தாது. பற்றரியின் பட்டை வயர், விளக்குகளின் கறுப்பு வயர்கள், டைனமோவின் மின்சாரத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ‘ஈ’ முனை ஆகியவை உடலைத் தொடும் இடங்களில் மட்டும் வர்ணத்தைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கி, அதன்மேல் வாசலின் பூசுங்கள். எஞ்சின் இறப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் அதற்கும் உடலுக்கும் இடையே தனியான ஏர்த் பட்டை அவசியம். நான் முதன்முதலாகச் சேர்த்த வண்டியில் கியர்பெட்டிப் பக்கமிருந்த அந்தப் பட்டையைப் பூட்ட மறந்துவிட்டேன். ஸ்ராட்டரை இயக்கியதும் மோட்டார் சோம்பலாக முனகியது; காபரேற்றரின் சோக்கை இழுக்கும் கம்பியிலிருந்து புகை எழுந்தது. ஸ்ராட்டருக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பி வழியே உடலுக்குத் திரும்ப முயன்றிருக்கிறது.

பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் முனைகளில் ‘ஏ’, ‘ஏ1’ என்ற இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. பற்றரியிலிருந்து வரும் கபில வயர் ‘ஏ’க்கும், சாவிக்கும் விளக்கு ஆளிக்கும் போகும் கபிலத்தில் நீலக் கோடு ‘ஏ1’க்கும் உரியவை. டைனமோவின் பெரிய முனையிலிருந்து வரும் கபிலத்தில் மஞ்சள் ‘டி’யிலும், சிறிய முனையிலிருந்து வரும் கபிலத்தில் பச்சை ‘எஃப்’பிலும் சேரும். பியூஸ் பெட்டியில் வேலை செய்பவை இரண்டே. தலைவிளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் உள்ள 35 அம்பியர் என்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் மட்டுமே. இக்காலப் பியூஸ்களிலோ எழுதப்பட்டிருப்பது தாங்கும் அளவு. இந்த வேறுபாட்டை அறியாமல் இன்றைய 35 அம்பியர் பியூஸைச் செருகினால், பியூஸுக்கு முன்னதாக வயர் எரியும்.

பற்றவைப்புச் சுருளில் பழைய லூகாஸ் குறிகள் இருந்தால் சாவியிலிருந்து வரும் வெள்ளை ‘எஸ்டபிள்யூ’ முனைக்கும், தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் வெள்ளையில் கறுப்பு ‘சிபி’ முனைக்கும் உரியவை. நேர், மறை என்று குறியிட்ட புதிய சுருளானால், நேர்முனை உடலோடு இணைந்த வண்டியில் டிஸ்ரிபியூற்றரின் வயர் நேர்க்குறிக்கே போக வேண்டும். மாற்றிப் பூட்டினாலும் எஞ்சின் ஓடும் என்பதே இதிலுள்ள கண்ணி. தீப்பொறி வலுவிழந்து, மேட்டில் ஏறும்போது எஞ்சின் தடுமாறும். நீங்கள் காபரேற்றரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

எஸ்யூ பெற்றோல் பம்புக்கு வெள்ளையும் கறுப்பும் போதும். ஹோர்னுக்கு ஊதா மின்சாரத்தைக் கொண்டுவரும், ஊதாவில் கறுப்பு ஸ்டியரிங் பொத்தானுக்குத் திரும்பும். பொத்தான் செய்வது ஏர்த் கொடுப்பது மட்டுமே. முன்விளக்கு வயர்களின் துப்பாக்கிக் குண்டு வடிவ முனைகளை, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் துருப்பிடித்த பழைய உறைகளுக்குள் மீண்டும் செருகாதீர்கள். லூகாஸ் பாகங்களைப் பற்றி உலகெங்கும் பழக்கமான கேலிகளில் பாதி, இந்தச் சில்லறை விலை உறைகளை யாரும் மாற்றாததால் வந்தவை என்பது என் கருத்து.

எல்லாம் பூட்டிய பின்னும் பற்றரியை நேராக இணைக்க வேண்டாம். நேர்முனையை உடலோடு இணைத்துவிட்டு, மறைமுனைக்கும் அதற்குரிய கனத்த வயருக்கும் இடையில் 12 வோல்ற் 21 வாற் பல்பு ஒன்றைத் தொடராகச் சேருங்கள். கதவுகள் மூடி, ஆளிகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கையில் பல்பு எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ குறுஞ்சுற்று இருக்கிறது. பியூஸ்களைக் கழற்றியும் கபில வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தும் பல்பு எப்போது அணைகிறது என்று பாருங்கள். அதுவரை வயருக்கு ஆபத்தில்லை, ஏனெனில் பாயும் மின்சாரத்தைப் பல்பே மட்டுப்படுத்துகிறது. சாவியைத் திருப்பியதும் அது மங்கலாக எரிவது இயல்பு.

இந்தச் சோதனை தேறிய பிறகே பல்பை எடுத்து வயரைப் பூட்டுங்கள். சாவியைத் திருப்பினால் பம்ப் டிக், டிக் என்று தட்டி, காபரேற்றர் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் தட்டினால் பெற்றோல் இல்லை அல்லது குழாயில் காற்று நுழைகிறது. தட்டவே இல்லையென்றால் அதன் ஏர்த்தைப் பாருங்கள்.

நீண்டகாலம் கிடந்த டைனமோ தன் காந்தத்தன்மையை இழந்திருக்கும், அல்லது முனை மாறியிருக்கும். எஞ்சினை இயக்கும் முன் டைனமோவின் இரு வயர்களையும் கழற்றி, பற்றரியின் மறைமுனையிலிருந்து ஒரு வயரால் அதன் சிறிய முனையை இரண்டு மூன்று தடவை பொட்டெனத் தொட்டு எடுங்கள். வயர்களை மீண்டும் பூட்டி எஞ்சினை இயக்கும்போது, சிவப்புச் சார்ஜ் எச்சரிக்கை விளக்கு வேகம் கூடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர்களை மறுபடி கழற்றி, டைனமோவின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து உடலுக்கு வோல்ற்றுமானியைப் பிடித்து, எஞ்சினை மெதுவாக வேகப்படுத்துங்கள். முள் சீராக உயர்ந்தால் டைனமோ நலம், பிழை வயரிலோ பெட்டியிலோ உள்ளது. 20 வோல்ற்றைத் தாண்ட மட்டும் விடாதீர்கள்.

கடைசியாக, தலைவிளக்குகளை எரியவிட்டு அரை மணி நேரம் ஓட்டிவந்து, எஞ்சினை நிறுத்திய உடனே கிரில்லின் பின்னாலுள்ள குண்டு இணைப்புகளையும் பற்றரி முனைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் இணைப்பை அன்றைக்கே பிரித்துத் திரும்பப் பூட்டுங்கள்.