அம்மாவுக்கு இடம் பார்த்தபோது

பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கையும் காலும் விழுந்தபோது, நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே நான்கு பராமரிப்பு இல்லங்கள் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் வாசலெல்லாம் பூந்தொட்டி. உள்ளே ஒரு பாட்டியின் விரிப்பு நனைந்தபடியே கிடந்தது. அதனால் முன்கூட்டிச் சொல்லாமல், சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். புரட்டிய நேரம் எழுதிய நோட்டைக் கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ்? பிசியோதெரபிஸ்ட் தினமும் வருகிறாரா? முதல் மூன்று மாதத்தில்தான் கைகால் அதிகம் தேறும், அந்த நாட்களை வீணாக்கக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் கூட இருங்கள். நான் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு அக்கா, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டிவிட்டுத் தொண்டை அசைகிறதா என்று பார்த்தார். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த கரண்டி. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் கட்டணம். டயப்பர், மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் அதில் சேருமா என்று எழுதி வாங்குங்கள். அவசரத்துக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றும் பாருங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.