மலிவான கையடக்க கேம் கன்சோலுக்கு முன்பணம் கட்டும் முன்

முன்பணம் கேட்கும் பக்கத்தில் முதலில் சிப்பின் பெயரைத் தேடுங்கள். "வேகமான நான்கு கோர் பிராசஸர்" என்று மட்டும் போட்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. எந்தச் சிப் என்று முடிவாகாமல் சர்க்யூட் போர்டு வரைய முடியாது, போர்டு இல்லாமல் விலை சொல்ல முடியாது. பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதே சிப் போட்ட கருவி பெரும்பாலும் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும், அதில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆல்வின்னர் எஃப்1சி100எஸ், ஒற்றை ஏஆர்எம்9 கோரும் உள்ளேயே 32 எம்பி ராமும் கொண்டது. பாக்கெட்கோ என்ற கையடக்கக் கன்சோல் இதில்தான் வந்தது. பழைய நின்டென்டோ, கேம்பாய் கேம்களுக்குப் போதும். இதே சிப்பில் எல்லா பிளேஸ்டேஷன் 1 கேம்களும் முழு வேகத்தில் ஓடும் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். ராக்சிப் ஆர்கே3326 என்ற சிப் அவற்றைச் சிரமமின்றி ஓட்டும்; ட்ரீம்காஸ்ட் என்ற பழைய கன்சோலின் கேம்களில் சில ஓடும், சில திணறும்.

அடுத்தது திரை. இங்கே ஒரு பெருக்கல் கணக்கே பல பொய்களைப் பிடித்துவிடும். ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலரில் (எளிய வேலைகளுக்கான சிறு சிப்) செய்யும் கன்சோல்களில் திரையை, பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பும் எஸ்பிஐ இணைப்பில் கோப்பது வழக்கம். 320×240 திரை, புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு முழுப் படத்துக்கு, 12,28,800 பிட். எஸ்பிஐ 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 4 கோடி பிட்தான் போகும். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 32 ஃபிரேம் வருகிறது. 60 வேண்டுமானால் 7.37 கோடி பிட் தேவை. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் உத்தி உண்டு, ஆனால் பின்னணி முழுக்க நகரும் கேமில் அது கைகொடுக்காது. அதனால் டெட்ரிஸ் ஓடும் வீடியோவை ஆதாரமாக ஏற்காதீர்கள். பின்னணி பக்கவாட்டில் ஓடும் கேமைக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கும் இதே மாதிரிக் கணக்கு. 3.7 வோல்ட், 1000 எம்ஏஎச் என்றால் 3.7 வாட்-மணி. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் 15 சதவீதம் வீணாகும் என்று வைத்தால் கைக்கு வருவது சுமார் 3.1. லினக்ஸ் ஓடும் சிப், பேக்லைட், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 1.2 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம். அதே பேட்டரியில் பத்து மணி நேரம் ஓட வேண்டுமானால் மொத்தச் செலவு 0.31 வாட்டுக்குள் அடங்க வேண்டும். 128×64 கருப்பு வெள்ளைத் திரையும் 2.5 கேபி ராமும் கொண்ட ஆர்டுபாய் என்ற குட்டிக் கன்சோல், 180 எம்ஏஎச் பேட்டரியிலேயே மணிக்கணக்கில் ஓடும். வண்ணத் திரைக்கு அந்தச் சலுகை இல்லை.

பேட்டரியில் இன்னொரு கேள்வியும் உண்டு: லித்தியம் பேட்டரிகளுக்கான ஐ.நா. பாதுகாப்புச் சோதனையான யூஎன் 38.3இன் அறிக்கை இருக்கிறதா? அது இல்லாத லித்தியம் பேட்டரியை முறைப்படி விமானத்தில் அனுப்ப முடியாது. அனுபவமும் பணமும் உள்ள நிறுவனங்களே இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. பேனிக் நிறுவனத்தின் கையடக்கக் கன்சோலான பிளேடேட்டின் முதல் 5,000 கன்சோல்கள் 2021இல் தயாராகி வந்தபோது, சிலவற்றில் பேட்டரி சார்ஜே ஏறாத அளவுக்கு வடிந்திருந்தது. பேனிக் நிறுவனம் அத்தனையையும் மலேசியத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பி வேறு பேட்டரி போட்டது. விநியோகம் 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. இதைத் தாங்க முதலீடு வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு 50 டாலருக்கு விற்கும் கருவியில் இப்படி நடந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

விலைக்கு வருவோம். உதிரிபாகச் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தாக்குப்பிடிப்பது கடினம். கோத்தல், சோதனை, பெட்டி, பழுதானதற்கு மாற்று, மக்களிடம் முன்பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதம், அதன்மேல் பணப்பரிமாற்றக் கட்டணம் எல்லாம் மிச்சத்திலிருந்துதான் போக வேண்டும். பலர் கணக்கில் விடுவது பிளாஸ்டிக் கேஸை வார்க்கும் மோல்டு. மோல்டுக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம்: 5,000 கன்சோல் செய்தால் ஒன்றுக்கு 2 டாலர், 500 மட்டும் செய்தால் 20 டாலர். படங்களில் கேஸின் மேல் மெல்லிய படிக்கோடுகள் தெரிந்தால் அது 3டி பிரிண்ட், அதாவது மோல்டில் வார்த்த கேஸ் இன்னும் கைக்கு வரவில்லை. வந்த பிறகும் பட்டன் சிக்குவது, மூடி பொருந்தாதது என்று திருத்தங்கள் இருக்கும். அந்த நிலையில் "மூன்று மாதத்தில் டெலிவரி" என்பது வெறும் ஆசை.

கன்சோல் உண்மையிலேயே ஓடுகிறதா என்பதற்கு ஒரே ஷாட்டில் எடுத்த, வெட்டாத வீடியோ கேளுங்கள். கேபிள் எதுவும் செருகியிருக்கக் கூடாது. அணைத்து, மீண்டும் போட்டு, மெனுவிலிருந்து கேமுக்குப் போய், கடைசியில் பின்மூடியைக் கழற்றி போர்டைக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்த அச்சு அசல் படங்களை வன்பொருள் திட்டங்களில் காட்டக் கூடாது என்று கிக்ஸ்டார்ட்டர் 2012இலேயே விதி போட்டது சும்மா இல்லை. 2016இல் கொலிகோ கமீலியன் என்ற டிவி கன்சோலின் மாதிரியை உள்ளே தெரியும் கேஸில் போட்டுப் படம் வெளியிட்டார்கள். உள்ளே தெரிந்த போர்டு சிசிடிவி பதிவுக்காகக் கம்ப்யூட்டரில் செருகும் பழைய பிசிஐ கார்டு என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பணம் கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க வங்கியில் காலவரம்பு உண்டு, டெலிவரி தள்ளிப்போகப் போக அது கரையும். நல்ல நோக்கம் மட்டும் தேதியைக் காப்பாற்றாது: பண்டோரா என்ற கையடக்கக் கன்சோலுக்கு 2008 செப்டம்பரில் முன்பதிவு தொடங்கியது, முதல் கருவிகள் கிளம்பியது 2010 மே மாதம். இன்டிகோகோ என்ற இன்னொரு நிதி திரட்டும் தளத்தில் 2016இல் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிய ஸ்பெக்ட்ரம் வேகா பிளஸ் என்ற கையடக்கக் கன்சோல் திட்டத்தில் 2018இல் சிலருக்கு மட்டும் கன்சோல் வந்தது, மறு ஆண்டு நிறுவனமே கலைக்கப்பட்டது. இலக்கை எட்டாவிட்டாலும் வசூலானதை எடுத்துக்கொள்ளும் முறையில் பணம் திரட்டுகிறார்களா என்றும் பாருங்கள். பாதிப் பணத்தில் பாதிக் கன்சோல் செய்ய முடியாது.

பார்சல் வந்துவிட்டால், திருப்பித் தரும் கெடுவுக்குள் இவற்றைச் செய்துவிடுங்கள். கூடவே வரும் மெமரி கார்டை முதலில் நகலெடுத்து, பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் சோதியுங்கள், போலிக் கொள்ளளவு தெரிந்துவிடும். மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்துங்கள். அழுத்தாத நான்காவது பட்டனும் பதிவானால் பட்டன்களை வரிசை வரிசையாக இணைக்கும் மேட்ரிக்ஸில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வைக்கவில்லை என்று பொருள், மென்பொருளால் அதைச் சரிசெய்ய முடியாது. இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாமல், பழைய ஏ-டு-சி கேபிளில் மட்டும் ஏறினால், கருவி இணைந்ததைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் சிசி கால்களில் போட வேண்டிய இரண்டு 5.1 கிலோ-ஓம் ரெசிஸ்டர்களை விட்டிருக்கிறார்கள். ஏ-டு-சி கேபிளோடு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் சில பைசா ரெசிஸ்டரை மிச்சம் பிடித்தவர்கள் பேட்டரியில் என்ன செய்திருப்பார்கள் என்று மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.