ஓடாமல் கிடக்கும் பழைய டில்லர் இன்ஜினை மறுபடி ஓட வைப்பது எப்படி?

நாஞ்சில் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தொழுவத்தின் ஓரத்தில் கதம்பைக் குவியலுக்குப் (தேங்காய் மட்டைக் குவியல்) பக்கத்தில் பழைய பவர் டில்லர் ஒன்று, பின்னால் நடந்தே ஓட்டுகிற உழவு இயந்திரம், நிற்கும். 1973-ல் கேரளத்து அத்தாணியில் தொடங்கிய காம்கோவின் குபோட்டா வகை, இல்லையென்றால் பெங்களூர் வி.எஸ்.டி.யின் மிட்சுபிஷி வகை. வயலை வாழைத்தோட்டமாக்கிய பிறகு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். "இருபது வருசப் பழசு, இனி இரும்புக் கடைக்குத்தான்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். இன்ஜினின் வயதை ஓடிய மணி நேரத்தில்தான் கணக்கிட வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு 150 மணி நேரம் உழுதது என்று வைத்தால் 20 வருடத்துக்கு 3000 மணி நேரம். நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் இன்ஜின் அதோடு முடிந்துபோகாது, லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய்) பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதைக் கெடுப்பது சும்மா நின்ற காலமும், இரண்டு பருவமழையும், உப்புக்காற்றும்தான்.

முதலில் ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலைத் தொடாதீர்கள். ஆயில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, வருவதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கறுப்பாக வந்தால் பரவாயில்லை. பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அது கேஸ்கெட் வழியாகவா சைலன்சர் வழியாகவா என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

அடுத்து டிகம்ப்ரெஷன் லீவரை (சிலிண்டருக்குள் அழுத்தம் சேராமல் விடும் நெம்புகோல்) பிடித்துக்கொண்டு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் நல்லது. அசையவில்லை என்றால் பிஸ்டன் துருவில் பிடித்திருக்கலாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் கொஞ்சம் ஆயிலும் கலந்து ஊற்றுங்கள். டில்லரில் சிலிண்டர் படுத்திருப்பதால் ஊற்றியது அடிப்பக்கமே தேங்கும், அதனால் மூன்று நாலு நாள் காலையும் மாலையும் ஊற்றி, ஃபிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை எனக்குப் பொறுமை இல்லை. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தேன், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிட்டது. கோட்டாற்றில் ஒரு மெக்கானிக் அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மக்கா, துருவ அடிக்கக் கூடாது, ஊற வைக்கணும்" என்றார். அந்தப் பிஸ்டனை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஊற வைத்தும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். கழற்றினால் லைனரின் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்குகிற அளவுக்கு மேடு இருந்தால் லைனர் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. மேனுவலில் உள்ள அளவோடு ஒத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். இன்ஜெக்டரை டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அது பீச்சும்போது எதிரே கையை நீட்டவே கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வரும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் பக்கத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கி, அதையே டீசல் பம்பின் வாயிலும் செய்யுங்கள்.

ஏர் ஃபில்டர்தான் இன்ஜினின் ஆயுளே. அதன் எண்ணெய்க் கிண்ணத்தில் அடியில் சகதியாக இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் ரிங்கை அரத்தால் ராவியது போல் தேய்த்துவிடும். ரேடியேட்டரில் கடலோரத்துப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், கூலண்ட் ஊற்றுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் புது ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் இல்லாமலே இருபது முப்பது சுற்றுச் சுற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். மறந்தால் கனெக்டிங் ராடு வளையலாம். இன்ஜெக்டரை மாட்டிய பிறகு அதற்கு வரும் பைப் நட்டைத் தளர்த்தி, டீசல் கசிகிறவரை சுற்றி இறுக்குங்கள். கையில் ஒரு பலகைத் துண்டு இருக்கட்டும். மிச்ச ஆயிலை எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்தால், காற்று போகும் வாயைப் பலகையால் மூடினால்தான் நிற்கும். முதல் பத்து நிமிடம் வெள்ளைப் புகை வரும், பயப்பட வேண்டாம். நீலப் புகை நிற்கவே இல்லை என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கையும் வால்வு கைடையும் பாருங்கள்.

ஒரு மணி நேரம் லோடு இல்லாமல் ஓட்டி நிறுத்தி, சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து மறுபடி மாற்றுங்கள். முதல் சில நாள் சேற்று உழவுக்கு இறக்காமல், காய்ந்த வாழைத்தோட்டத்தில் மேலாக ஓட்டினால் போதும்.