வெளிநாட்டிலிருந்து டெல்டாவில் மனை வாங்குவோர் செய்யும் தவறுகள்

குவைத்திலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்து கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் மனை தேடுகிறவர்கள் முதலில் விலை பேசுகிறார்கள், அப்புறம் அட்வான்ஸ், கடைசியில்தான் கடனுக்காக வங்கி. இந்த வரிசைதான் முதல் தவறு. வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுத்த பிறகே பெரிய தொகை கைமாற வேண்டும். கடன் தரச் சம்மதித்து வங்கி முதலில் தரும் சாங்ஷன் கடிதம் உங்கள் சம்பளத்தைப் பார்த்துத் தந்தது. மனையை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை. அதனால் அக்ரிமென்ட் போடும்போதே, லீகல் தேறாவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

டெல்டாவில் அதிகம் சிக்குவது நஞ்சையில்தான். ரோட்டோரம் சம்பா வயலைத் தூர்த்து, கல் ஊன்றி, கலர் கொடி கட்டியிருப்பார்கள். பத்திரத்தின் கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். மனை எண் இல்லாமல் ‘நஞ்சை’ என்றும் ‘ஏர்ஸ்’ (வயலை அளக்கும் அலகு) கணக்கும் மட்டும் இருந்தால் அது காகிதத்தில் இன்னும் வயல்தான். ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். “என்னிடம் இந்திய பாஸ்போர்ட்தானே இருக்கிறது” என்று பலர் கேட்கிறார்கள். வேலைக்காக வெளிநாட்டில் குடியிருந்தால், பாஸ்போர்ட் எதுவானாலும் இந்தத் தடை உண்டு. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்தது அப்ரூவல். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்று புரோக்கர் சொன்னால், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. அப்படிப்பட்ட மனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்க 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 20.10.2016 வரை போடப்பட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே மனையாகப் பதிவானது, அங்கீகாரம் இல்லாவிட்டாலும் மறுபடி பதிவாகிவிடும் என்பதால், பத்திரம் ஆனதையே அங்கீகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரம் இல்லையென்றால், வீடு கட்டப் போகும்போது பிளான் அனுமதியும் கிடைக்காது, லோனும் கிடைக்காது. லே-அவுட் அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. வீட்டுக் கடனுக்கு இரண்டும் வேண்டும். (2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் இங்கே மனையே போட முடியாது என்றொரு பேச்சு உண்டு. அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை போன்ற திட்டங்களுக்கானது.) எஃப்எம்பி எனப்படும் புல அளவு வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். ரோட்டுக்கும் மனைக்கும் நடுவே பாசன வாய்க்கால் ஓடினால், பாலம் போட நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும்.

கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற கோயில் ஊர்களில் இன்னொன்று. வீடு விற்கிறவருடையதாக இருக்கும், அது நிற்கும் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். அவர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பணத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் ரொக்கமாகக் கொடுத்தால், நாளைக்கு விற்கும்போது கணக்குக் காட்ட முடியாது. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கலாம், ஆனால் முத்திரைத்தாள், பதிவுச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. கிரையத்துக்கு அது சுமார் 9 சதவீதம், கையிலிருந்துதான் போடவேண்டும்.

உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஊரில் ஒருவருக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதும்போது, வங்கி கேட்கும் வாசகத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுங்கள். அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். மாமாவின் பீரோவில் வைத்து மறந்துவிட்டால் கிரையத் தேதியன்றுதான் நினைவுக்கு வரும்.